சொத்தையில்லாமல் விழும் பற்கள்

உப்புக்குப் பஞ்சமில்லாத பக்கம் இது. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. அதன் தென்மேற்கே கழுவெளி ஏரி. ஏரியைத் தாண்டினால் வானூர் வட்டத்துக் கிராமங்கள். இங்கே ஈறு வீங்கினால் எந்த வீட்டிலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: கல் உப்பை வெந்நீரில் கரைத்துக் கொப்பளிப்பது. சிலர் உப்பைப் பொடித்து, விரலால் தொட்டு ஈறு எரிய எரியத் தேய்ப்பார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடியும். வடிந்ததும் அந்த விஷயம் மறந்துபோகும்.

மறந்ததற்கான விலை பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். சோற்றை மெல்லும்போது ஒரு கடைவாய்ப்பல் லேசாக அசையும். முன்பற்களுக்கு நடுவே இல்லாத சந்து புதிதாகத் தோன்றும். வாயில் நாற்றம் அடிப்பதாக வீட்டார் சொல்லத் தயங்குவார்கள். கடைசியில் ஒருநாள் பல் கையோடு வந்துவிடும். எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு சொத்தை இருக்காது, கீறல் இருக்காது. நல்ல பல் ஏன் விழுந்தது என்று யாருக்கும் புரியாது. "வயசாச்சு, விழுந்துடுச்சு" என்று முடித்துவிடுவார்கள், விழுந்தவருக்கு நாற்பத்தைந்து வயதுதான் ஆகியிருந்தாலும்.

வயதுக்கும் இதற்கும் நேரடி உறவு குறைவு. பல்லைப் பிடித்து நிறுத்தும் ஈறும் எலும்பும் நோயால் கரைந்துபோனதுதான் காரணம். பெரியவர்கள் 'பயோரியா' என்று சொல்லும் அதே நோய். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, கடுமையான ஈறுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் உலகெங்கும் 100 கோடிக்கு மேல் என்று கணக்கிடுகிறது. இத்தனை பேரைப் பிடித்திருக்கும் ஒரு நோய், பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதன் பலமே அதுதான்.

உப்பைக் குறை சொல்வதற்கில்லை. வெதுவெதுப்பான உப்புநீர் ஈற்றின் வீக்கத்தைத் தணிக்கிறது. பல் பிடுங்கிய பிறகு மருத்துவர்களே அதைக் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். ஆனால் நோய் இருக்குமிடம் வேறு. பல்லின் மேல் படியும் மெல்லிய பிசுக்குப் படலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் கூட்டாக வாழ்கின்றன. தினமும் துலக்கி எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அந்தப் படலத்தில் இறங்கி, சில நாட்களிலேயே அதைக் கெட்டியாக்கத் தொடங்கும். இதுதான் பல் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தில் நாக்கால் தடவினால் பலருக்கும் தட்டுப்படும். எச்சில் சுரப்பிகள் சிலவற்றின் வாய் அங்கே திறக்கிறது என்பதால் காரை அங்கே முதலில் சேர்கிறது.

காரையின் சொரசொரப்பான மேற்பரப்பில் கிருமிகள் மேலும் தங்கும். அவற்றை எதிர்க்க உடல் அனுப்பும் படையால் ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் ரத்தம் கசிகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஆழமாகி ஒரு பையாக மாறும். அந்தப் பைக்குள், வேரின் மேல், கறுத்த காரை படியும். உப்புநீரோ பல்பொடியோ விலையுயர்ந்த பேஸ்ட்டோ அங்கே போய்ச் சேராது. எலும்பு மெல்ல இறங்கத் தொடங்கும். அடிமண் அரித்துப்போன பந்தக்காலைப் போலப் பல் நிற்கும்; மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

உப்புப்பொடி, செங்கல்தூள், அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பவர்களுக்குக் கூடுதல் கேடு ஒன்றும் உண்டு. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி, பல்லின் முடிப்பகுதியைவிட மென்மையானது. சொரசொரப்பான பொடி அதைத் தேய்த்துக் குழியாக்கிவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீர் குடித்தாலே கூசும். கூசுகிறதே என்று அந்தப் பக்கம் துலக்குவதை விடுவார்கள். காரை இன்னும் சேரும்.

டன்சினன் தோட்டம் சொன்ன கணக்கு

சிகிச்சையே இல்லாவிட்டால் இந்த நோய் எவ்வளவு தூரம் போகும்? இதற்கான விடையை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் தமிழர்கள். தங்கள் வாயால், சொல்லப்போனால் தங்கள் பற்களை இழந்து, கொடுத்தார்கள். உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் அவர்களிடம் நடந்த ஆய்வைப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டின் பொது வாசகர்களில் மிகச் சிலருக்கே அது தெரியும்.

ஹரால்ட் லோ நார்வேயில் பிறந்தவர், ஈறுநோய் ஆய்வில் பெரும்பெயர். 1965இல் டென்மார்க்கில் அவர் நடத்திய சோதனை எளிமையானது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 நாள் முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கச் சொன்னதும் ஒரு வாரம் போல ஆனதில் ஈறு பழையபடி ஆனது. பல்லில் படியும் படலம்தான் காரணம் என்பது அத்தோடு உறுதியானது.

அடுத்த கேள்வி பெரிது. வருடக்கணக்கில் யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால்? 1970இல் லோவின் குழு இலங்கை மலையகத்துக்கு வந்தது. டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 தொழிலாளர்களைப் பரிசோதித்தது. எல்லோரும் ஆண்கள், தமிழர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இல்லை. 1985 வரை குழு திரும்பத் திரும்பப் போய் அளந்தது.

அவர்களுக்குப் பல் சொத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காரையும் ஈறு வீக்கமும் எல்லோருக்கும் இருந்தன. ஆனால் நோய் எல்லோரையும் ஒரேமாதிரி தாக்கவில்லை. சுமார் 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக முன்னேறியது. மீதி 8 சதவீதத்தினருக்குக் காட்டுத்தனமான வேகம்: 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயின, 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் எல்லாமே. அத்தனையும் சொத்தையில்லாத பற்கள்.

"எங்க தாத்தா ஒருநாளும் பேஸ்ட்டைத் தொட்டதில்ல, எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சார்" என்று சொல்லாத ஊர் இல்லை. அந்தத் தாத்தா பொய்யில்லை. அவர் அந்த 11 சதவீதத்தினரைப் போன்றவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தப் பிரிவில் இருக்கிறான் என்பது ஈறுக்குள் அளந்து பார்க்காமல் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க லோவின் குழு ஆஸ்லோவிலும் இதேபோல ஆண்களைத் தொடர்ந்து பரிசோதித்தது. அவர்கள் படித்தவர்கள், சிறுவயது முதலே பல் மருத்துவம் கிடைத்தவர்கள். நாற்பதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரர்களின் பல்லிலிருந்து ஈற்றுப் பிடிப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு நாலரை மில்லிமீட்டர். 2010இல் ஆய்வாளர்கள் மறுபடி மலையகம் போனபோது பழைய 480 பேரில் 75 பேரைப் பார்க்க முடிந்தது. 40 வருடக் கணக்கைச் சேர்த்து 2017இல் வெளியான கட்டுரை, காரையை நீக்குவதும் ஈறு அழற்சியைக் கட்டுக்குள் வைப்பதும்தான் பல் இழப்பைத் தடுக்கும் என்று முடிவு சொன்னது.

இந்த எண்களை வெறும் அறிவியலாகப் படித்துவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. ஒரு பிரஷ்ஷும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தமும் கிடைத்திருந்தால் பெரும்பாலான அந்தப் பற்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். வசதியில்லாத உழைப்பாளிகளின் வாயிலிருந்து உலகம் பாடம் படித்தது. அந்தப் பாடத்தின் பலன் உப்பளத்திலும் வயலிலும் கல்குவாரியிலும் வேலைசெய்யும் அதே மொழிக்காரர்களுக்கு வந்து சேர வேண்டாமா?

நாற்காலியில் என்ன நடக்கிறது

ஈறு மருத்துவர் முதலில் எடுப்பது மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய அளவுக்கம்பி. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றிச் சுற்றி அளக்கிறார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நாலும் அதற்கு மேலும் போனால் பை உருவாகியிருக்கிறது. ஆறு ஏழு என்றால் எலும்பு நன்றாகவே இறங்கியிருக்கும். எக்ஸ்ரே அதை உறுதிப்படுத்தும். மக்களிடையே நடத்தும் கணக்கெடுப்புகளுக்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுக்கம்பியின் நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு இருக்கும், ஈற்றைக் குத்தாமல் காரையை உணர்வதற்காக. சில நிமிட வேலை. ஈற்றைப் பார்க்காமல் பல்லை மட்டும் பார்த்து அனுப்பும் பரிசோதனை பாதிப் பரிசோதனைதான்.

அடுத்தது ஸ்கேலிங். ஊர் வழக்கில் 'கிளீனிங்'. இதற்கான அதிர்வுக் கருவியின் முனை ஒரு விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வில் காரை உடைந்து உதிர்கிறது. கூடவே பீய்ச்சும் தண்ணீர் முனையைக் குளிர்வித்து, உதிர்ந்ததைக் கழுவிவிடுகிறது. கருவி பல்லைச் சுரண்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு முழுவதும் வேரூன்றிய பயம் ஒன்று குறுக்கே வருகிறது.

"கிளீன் பண்ணா பல்லு ஆடிப் போயிடும்னு சொல்றாங்களே, டாக்டர்?"

ஈறு மருத்துவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வருடக்கணக்கில் சேர்ந்த காரை பற்களின் சந்துகளை அடைத்து, ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும். அதை எடுத்ததும் சந்து தெரியும், காற்றும் தண்ணீரும் பட்டுக் கூசும், ஏற்கனவே இருந்த ஆட்டம் நாக்குக்குத் தட்டுப்படும். சுத்தம் செய்ததால் வந்த ஆட்டம் இல்லை அது. காரை மறைத்து வைத்திருந்த ஆட்டம். பெரும்பாலானவர்களுக்குக் கூச்சம் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில், குறைந்துவிடும். வீக்கம் வடிய வடிய ஈறு இறுகி, லேசான ஆட்டம் நிற்பதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால், அந்த நோயாளி திரும்ப வரமாட்டார். தெருவில் நாலு பேரையும் வரவிடமாட்டார். ஆகவே முன்னால் பேசும் அந்த ஐந்து நிமிடமும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

பை ஆழமாக இருந்தால் மேலே சுத்தம் செய்தது போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, வளைந்த கைக்கருவிகளை ஈற்றுக்குள் இறக்கி, வேரின் மேலுள்ள கறுத்த காரையைச் சுரண்டி எடுத்து, வேரை வழவழப்பாக்க வேண்டும். வாயை நாலு பகுதியாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒன்று இரண்டு பகுதி என்று செய்வது வழக்கம். பொறுமை கேட்கும் கைவேலை இது. முடித்த ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி அளந்து பார்ப்பார்கள். பெரும்பாலான பைகள் அதற்குள் சுருங்கியிருக்கும்; பலருக்குச் சிகிச்சை இத்தோடு முடிகிறது. எலும்பு திரும்ப வளர்ந்துவிடாது. ஆனால் கரைவது நிற்கும். ஐம்பது வயதுக்காரருக்கு அது பெரிய லாபம்.

மாத்திரையால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி நாலு நாள் விழுங்கினால் சீழும் வீக்கமும் அடங்கும். நோய் குணமானதாகத் தோன்றும். காரையும் படலமும் இருந்த இடத்திலேயே இருப்பதால் மறுபடி வரும். கூட்டாக ஒட்டி வாழும் கிருமிகளுக்குள் மருந்து எளிதில் ஊடுருவாது. சுத்தம் செய்த பிறகு, வேகமாகப் பரவும் சில வகை நோய்க்கு மட்டும் மருத்துவர்கள் கூடுதலாக ஆன்டிபயாட்டிக் தருகிறார்கள்.

மறுபடி அளக்கும்போது ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பைகள் மிச்சமிருந்தால் அறுவை சிகிச்சை பேச்சு வரும். ஈற்றை மெல்ல விலக்கி, வேரை நேரில் பார்த்துச் சுத்தம் செய்து, தையல் போட்டு மூடுகிறார்கள். தையல் பிரிக்கச் சுமார் ஒரு வாரம் பத்து நாள். அதுவரை அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துநீரால் கொப்பளிக்க வேண்டும். அந்த நீர் பல்லில் பழுப்புக் கறை உண்டாக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், பிறகு துடைத்துவிடலாம். கிணறு போலக் குழிந்த இடங்களில் எலும்புத்தூள் வைத்து ஓரளவு எலும்பை வளர்க்க முடியும். எலும்பு முழுவதும் ஒரே மட்டமாக இறங்கிவிட்டவர்களுக்கு அது பலிப்பதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் எல்லோருக்கும் எலும்புத்தூள் பேசுவது நியாயமில்லை. லேசர் விளம்பரங்களும் அப்படித்தான். கையாலும் அதிர்வுக் கருவியாலும் செய்யும் சுத்தத்தைவிட லேசர் தெளிவாக மேலானது என்று காட்டும் உறுதியான சான்று இதுவரை இல்லை. லேசர் இல்லாத ஆஸ்பத்திரி என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்தவர்கள் செய்யும் பெரிய தவறு திரும்பி வராமல் இருப்பது. கடும் நோய் இருந்தவர்கள் மூன்று அல்லது நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் அக்செல்சன் என்ற மருத்துவரின் குழு 375 பேரில் தொடங்கி இப்படித் தொடர்ந்து பராமரித்து, 30 வருடக் கணக்கை 2004இல் வெளியிட்டது. தொடங்கும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தவர்கள்கூட அந்த 30 வருடத்தில் சராசரியாக இழந்தது இரண்டு பல்லுக்கும் குறைவு. டன்சினன் தொழிலாளர்களின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோபம் வராமல் இருக்காது.

சர்க்கரையும் புகையிலையும்

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறுநோய் வேகமெடுக்கும். எதிர்த்திசையிலும் அது உண்மை: ஈற்றில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நாலு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) கிட்டத்தட்ட 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2022இல் சொன்னது. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்கு அது வெகுதூரத்தில் இல்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேறு ஆபத்து. புகை ஈற்றின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது. எச்சரிக்கை மணி அடிக்காமலே எலும்பு போகும். சிகிச்சையின் பலனும் குறையும். தமிழ்நாடு 2013இல் குட்காவுக்குத் தடை விதித்தும், புகையிலைப் பொட்டலம் கன்னத்தில் அடக்குவோர் குறைந்தபாடில்லை. அடக்கும் இடத்தில் ஈறு இறங்கும். புற்றுநோய் பயம் அதற்கு மேல்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். "மாசமா இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது" என்ற பேச்சு தவறு. சுத்தம் செய்துகொள்ளலாம், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். வலிப்பு நோய்க்கான பெனிடோயினும் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் சிலருக்கு ஈற்றைப் பல்லை மூடுமளவு வளரவைக்கும். அவர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கே போவது

வானூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி எல்லையிலேயே ஜிப்மர். அங்கே பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அதே பக்கத்தில் அரசு நடத்தும் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனத்தில் ஈறுநோய்க்கென்றே தனித்துறை உண்டு. விழுப்புரம் பக்கம் போகிறவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வட்ட அளவிலான பல அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவர் பணியில் இருக்கிறார்.

வானூர் வட்டத்துக்குள்ளேயே ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த பல் மருத்துவர் ஜாக் வெர்ரே முன்னின்று வளர்த்த ஆரோவில் பல் மருத்துவ மையம், சுற்றுக் கிராமப் பெண்களையே பல்நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, கிராமத் துணை மையங்களில் அமர்த்தியது. தெரிந்த முகம், தெரிந்த பேச்சு. காரை என்றால் என்ன, எப்படித் துலக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்ணே ஊர்ப் பெண்ணுக்குச் சொல்கிறார். பெரிய கட்டடத்தைவிட இந்த ஏற்பாடு அதிகம் சாதிக்கும்.

அரசும் இதைச் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. மாத்திரை கொடுக்கும் பணியாளர் கூடவே இரண்டு கேள்வி கேட்டால் போதும்: பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, ஏதாவது பல் ஆடுகிறதா? 'ஆமாம்' என்று சொல்பவருக்கு ஒரு சீட்டு எழுதி அருகிலுள்ள பல் மருத்துவரிடம் அனுப்பலாம். புதுக் கட்டடமோ புதுக் கருவியோ வேண்டாம். உப்பள வேலை விடியற்காலையிலேயே தொடங்குவதால் காலை ஓ.பி. நேரத்துக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். மழைக்காலத்தில் உப்பு எடுப்பு நிற்கும் மாதங்களில் மரக்காணம் பக்கம் ஈறு பரிசோதனை முகாம்கள் நடத்தினால் கூட்டம் தானாக வரும்.

அதுவரை காத்திராமல் கிளம்புகிறவர்கள் சீட்டுப் போடும் இடத்தில் "பல் பிடுங்கணும்" என்று சொல்லாமல், "ஈறுல ரத்தம் வருது, அளந்து பார்த்து கிளீன் பண்ணணும்" என்று கேட்பது நல்லது. வெறும் வயிற்றில் போக வேண்டாம். சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே போகலாம். சர்க்கரை அளவு எழுதிய சீட்டையும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், செயற்கை இதய வால்வு வைத்திருப்பவர்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. சுத்தம் செய்த அன்று மரப்பு விடும்வரை சூடாகக் குடிக்க வேண்டாம். இரவே மென்மையான பிரஷ்ஷால் துலக்க ஆரம்பிக்கலாம். துலக்கும்போது ரெண்டொரு நாள் லேசாக ரத்தம் பட்டால் அது குறைந்துகொண்டே வரும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். மறுபடி வரச் சொன்ன தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.